கட்டாமல் விட்ட கரை: கோஸ்தா பிராவாவில் இயற்கைக் காப்பகங்கள் உருவான விதம்

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரான்ஸ் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, முகா என்ற சிற்றாறு ரோசஸ் வளைகுடாவில் கலக்கிறது. முகத்துவாரத்தின் வடபுறம் எம்புரியாபிராவா. 1967இலிருந்து சதுப்பைத் தோண்டிக் கால்வாய் வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டில் எழுப்பிய ஊர் அது. கால்வாய்களின் மொத்த நீளம் 20 கி.மீ.க்கும் மேல். வீட்டு வாசலில் கார் நிற்கும்; கொல்லைப்புறத்தில் படகு நிற்கும். ஆற்றின் தென்புறம் நாணலும் உமரியும் மண்டிய சதுப்பு, மாடு மேயும் ஈரப் புல்வெளி, இரை தேடும் செங்கால் நாரைகள், அவற்றுக்கு அப்பால் கட்டடமே இல்லாத மணற்கரை. இரு புறமும் ஒரே வண்டல், ஒரே தண்ணீர். 1970களில் தென்புறத்துக்கும் வடபுறத்தின் தலையெழுத்தே எழுதப்பட்டிருந்தது.

அது எப்படி மாற்றி எழுதப்பட்டது என்பதில் உலகின் எல்லாச் சுற்றுலாக் கரைகளுக்கும் பயன்படும் செய்தி இருக்கிறது. இயற்கைக் காப்பகம் என்றதும் ஆள் நடமாட்டமில்லாத காட்டையே நினைக்கிறோம். ஆனால் விடுதியும் சாலையும் படகுத்துறையும் நெருக்கியடிக்கும் கடலோரத்தில் அப்படிப்பட்ட காடு கிடையாது. அங்கே காப்பகத்துக்கு முதல் எதிரி நிலத்தின் விலை. ஆகவே உயிரியல் அறிவு எவ்வளவு தேவையோ அதே அளவு நிலச் சட்டமும் தேவை. அதற்கு மேல், ஊர் மக்களின் பிடிவாதமும் தேவை. ஜிரோனா மாவட்டத்தின் கடலோரமான கோஸ்தா பிராவா இதை மூன்று விதமாகக் காட்டியிருக்கிறது: கட்டவிருந்ததைத் தடுத்து ஒரு காப்பகம், பிடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தி ஒரு காப்பகம், கட்டியதையே இடித்து ஒரு காப்பகம்.

வரைபடத்தில் மாறிய நிறம்

பிளானெஸ் ஊரிலிருந்து பிரெஞ்சு எல்லையிலுள்ள போர்ட்பூ வரை சுமார் 200 கி.மீ. நீளம் கொண்டது இந்தக் கரை. பாறைச் சரிவுகளும் பைன் மரங்களும் சின்னஞ்சிறு குடாக்களுமான இந்த நிலத்துக்கு 'முரட்டுக் கரை' என்று பொருள்படும் கோஸ்தா பிராவா என்ற பெயரை 1908இல் பரப்பியவர் இதழாளர் ஃபெர்ரான் அகுயோ. அன்று இங்கே மீன்பிடி ஊர்களும் தக்கைத் தொழிலும் திராட்சைத் தோட்டங்களுமே இருந்தன.

1959இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் எல்லாம் மாறியது. 1960இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 1973இல் அது 3.4 கோடியை எட்டியது. பிரான்சிலிருந்து காரில் வருவோருக்கு முதலில் கிடைக்கும் வெயில் இந்தக் கரைதான். 1967இல் ஜிரோனா விமான நிலையமும் திறந்தது. பத்தே ஆண்டுகளில் குன்றுகளின் சரிவெல்லாம் வீட்டு மனையானது.

இந்த வேகத்துக்குப் பயணிகளின் ஆசை மட்டும் காரணமில்லை. ஸ்பெயினின் நிலச் சட்டத்தில் ஒரு விசை இருந்தது. 1956இன் நிலச் சட்டம் தொடங்கிவைத்த முறையில், ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் எது நகர நிலம், எது இனி நகராக்கத்தக்க நிலம், எது நகராக்கக் கூடாத நிலம் என்று வரைபடத்தில் பிரிக்கிறது. ஓர் ஆலிவ் தோப்பு வரைபடத்தில் நிறம் மாறினால் போதும், ஒரு செங்கல் வைக்கும் முன்பே அதன் விலை பல மடங்கு ஏறிவிடும். கட்டட அனுமதிக் கட்டணமும் வரியும் நகராட்சிக்கு வருமானம். ஆக, நிலத்தின் சொந்தக்காரர், கட்டுபவர், அனுமதி தருபவர் ஆகிய மூவருக்கும் ஒரே திசையில் லாபம். நிலத்தை அப்படியே விட்டுவைப்பதால் யாருக்கும் உடனடி வரவு இல்லை. சுற்றுலாக் கரைகளில் இயற்கை தோற்றுக்கொண்டே இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். யாரோ சில கெட்டவர்களின் பேராசை என்று சொல்லிக் கடந்துவிட்டால் நோயின் வேர் தெரியாமல் போய்விடும்.

சதுப்பைக் காத்தவர்கள்

முகா, ஃப்ளூவியா என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட சதுப்பு, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகளுக்குத் தங்குமிடம். பிரனீஸ் மலையைத் தாண்டும் முன்னும் தாண்டிய பின்னும் அவை இறங்கி இளைப்பாற வேறு இடம் அதிகமில்லை. குறிப்பாக, வசந்த காலத்தில் வடக்கிலிருந்து த்ரமுந்தானா என்ற கடுங்காற்று வீசும் நாட்களில், மேலே போக முடியாத பறவைகள் ஆயிரக்கணக்கில் இங்கே தரையிறங்கும்.

எம்புரியாபிராவாவைப் போன்ற இன்னொரு படகுக் குடியிருப்பு இங்கே வரவிருந்தபோது, 1976இல் இளம் இயற்கை ஆர்வலர்கள் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார்கள். பிராங்கோ இறந்து ஓராண்டு கூட முழுதாகக் கடக்காத காலம் அது. கட்சிகளுக்கே சட்ட அங்கீகாரம் இல்லாத நேரத்தில், பறவைகளுக்காகக் கூட்டம் கூடுவது பலருக்குப் புதுமையாக இருந்தது. ஆனால் இந்தக் கரை அடங்கிய கேட்டலோனியப் பகுதி மக்களின் மொழி, நிலம், தன்னாட்சி ஆகிய கோரிக்கைகளோடு சதுப்பின் கதியும் சேர்ந்துகொண்டது. வெளியாரின் முதலீட்டுக்கு ஊரின் நிலம் பலியாவதைத் தடுப்பது என்ற உணர்வே அந்த இயக்கத்துக்குப் பலம் கொடுத்தது.

1980இல் கேட்டலோனியாவுக்கு மீண்டும் சொந்த நாடாளுமன்றம் அமைந்தது. மூன்றே ஆண்டுகளில், 1983 அக்டோபரில், இந்தச் சதுப்பைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1985இல் அது இயற்கைப் பூங்கா என்ற தகுதி பெற்றது. 1993இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 4,700 ஹெக்டேர். எதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஜோர்தி சர்கதால் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தடுத்தவர்களே நடத்தவும் வந்தார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் வேண்டும் என்பதையும் செய்துகாட்ட வேண்டியிருந்தது.

செய்து காட்டினார்கள். 1987இலிருந்து செங்கால் நாரைகளை வளர்த்து விட்டார்கள். இன்று அவை அருகிலுள்ள ஊர்க் கோபுரங்களில் கூடு கட்டுகின்றன. அற்றுப்போயிருந்த நீலத் தாழைக்கோழி திரும்பியது. 1995இலிருந்து நீர்நாய்களை ஆற்றில் விட்டார்கள். இதையெல்லாம் வேலிக்குள் பூட்டிவைத்துச் செய்யவில்லை. இந்தச் சதுப்பு நூற்றாண்டுகளாக மனிதர் கை பட்ட நிலம். கரையும் வாய்க்காலும் மரவரிசையும் சூழ்ந்த ஈரப் புல்வெளிகளில் குளிர்காலத்தில் நீர் தேங்கும், கோடையில் வைக்கோல் அறுப்பார்கள், மாடு மேய்ப்பார்கள். மேய்ச்சல் நின்றால் நாணலும் புதரும் ஏறி, திறந்தவெளிப் பறவைகளுக்கு இடமில்லாமல் போகும். எனவே மாடும் குதிரையும் இங்கே காப்பகத்தின் ஊழியர்கள். பழைய உழவுமுறை நிற்குமானால் காப்பகமும் நிற்காது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்த நிர்வாகம் அது.

எதிரும் புதிருமான இரு கரைகளும் சேர்ந்து செய்த ஒரு வேலையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கோடையில் சதுப்பின் மையத்திலுள்ள கொர்தாலெட் குளம் வற்றிவிடும். அதே கோடையில்தான் எம்புரியாபிராவாவில் கூட்டம் பெருகி, கழிவுநீரும் பெருகும். 1998இல் இரண்டையும் இணைத்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீரை நேரே குளத்துக்கு விடுவதில்லை. அதில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன் பாசியைப் பெருக்கிக் குளத்தை மூச்சுத் திணற வைக்கும். அதனால் சுமார் 7 ஹெக்டேரில் ஆழமில்லாத பாத்திகள் அமைத்து நாணல் வளர்த்தார்கள். நீர் அவற்றினூடே மெல்ல நகரும்போது, வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைச் சிதைத்துக் காற்றில் கலக்கவிடுகின்றன. தெளிந்த நீர் குளத்துக்குப் போகிறது. சதுப்பைத் தின்ற ஊரின் கழிவுநீரே மிஞ்சிய சதுப்புக்குக் கோடைகால ஊற்றாயிற்று. நகரை விரட்டிவிட்டு இயற்கையைக் காக்க முடியாத இடங்களில், நகரிடமிருந்து என்ன கேட்டு வாங்கலாம் என்று யோசித்தவர்களின் வேலை இது.

மீன் பிடிக்காத கடல்

தெற்கே லெஸ்தார்தித் என்ற ஊர். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கி.மீ. தொலைவில் மெதஸ் தீவுகள், மொத்தம் ஏழு. ஆளில்லாத சுண்ணாம்புப் பாறைகள். அவற்றின் அடியிலுள்ள குகைகளிலும் சுவர்களிலும் செம்பவளம் வளர்கிறது. மத்தியத்தரைக் கடலின் பவளத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு: கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடல் வழிநூல்', முசிறிப் பக்கம் வந்திறங்கிய பொருள்களில் பவளத்தையும் சேர்த்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு வணிகம் இதன் மேல் நடந்திருக்கிறது. ஆனால் செம்பவளத்தின் அடித்தண்டு ஓராண்டில் அரை மில்லிமீட்டர் கூடத் தடிப்பதில்லை. ஒருவர் ஒரு மூச்சில் உடைத்தெடுப்பது, ஒரு மனித ஆயுள் முழுக்க வளர்ந்ததாக இருக்கலாம்.

1983 நவம்பரில் தீவுகளைச் சுற்றி மீன்பிடியும் பவளம் எடுப்பதும் தடைசெய்யப்பட்டன. 1990இல் தனிச் சட்டம் வந்தது. முழுக் காப்பு பெற்ற கடற்பரப்பு 100 ஹெக்டேருக்கும் குறைவு. அதைச் சுற்றியுள்ள வளையத்தில் உள்ளூர் சிறு மீனவர்களுக்கு இடமுண்டு. இவ்வளவு சிறிய இடத்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்குக் களவா மீன் பதில் சொன்னது. இங்குள்ள களவா பெண்ணாகப் பிறந்து, பெரும்பாலும் பத்து வயதைக் கடந்தபின் ஆணாக மாறும் இனம். ஈட்டியோடு முக்குளிப்பவர்கள் பெரிய மீனையே குறிவைப்பார்கள். பெரிய மீனெல்லாம் போனால் ஆண் மீனே இல்லாமல் போகும். தடை வந்த பிறகு மீன்கள் முதுமை எட்டும்வரை வாழ்ந்தன, ஆண்கள் தோன்றின, பெருகின. இன்று முக்குளிப்பவரின் முகத்தருகே, ஒரு மீட்டர் நீளக் களவா அச்சமில்லாமல் வந்து நிற்கிறது.

அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. இங்கேதான் சுற்றுலாக் கரைக்கே உரிய சிக்கல் தொடங்கியது. காப்பகம் வெற்றி பெற்றதால் பயணிகள் குவிந்தார்கள். குவிந்தவர்கள் காப்பகத்தைத் தேய்த்தார்கள். படகின் நங்கூரம் கடற்புல்லைப் பிய்த்தது. முக்குளிப்பவரின் துடுப்புச் செருப்பு பட்டு, தாமரை இதழ் அடுக்கினாற்போலப் பாறையில் வளரும் பென்டபோரா என்ற மெல்லிய உயிரினத் திட்டுகள் நொறுங்கின. முக்குளிப்பு மிகுந்த இடங்களில் அவை குறைந்துபோனதை ஆய்வாளர்கள் 1990களில் அளந்து காட்டினார்கள். நிர்வாகம் நிலையான மிதவைகளை நிறுவி, நங்கூரத்துக்குப் பதில் அவற்றில் கட்டச் சொன்னது. ஆண்டுக்கு இத்தனை முக்குளிப்பு என்று வரம்பு வைத்தது. முக்குளிக்கக் கட்டணம் வாங்கிக் காப்பகத்தின் பராமரிப்புக்குப் பயன்படுத்தியது.

வரம்பு குறித்து ஊரில் இன்றுவரை வாக்குவாதம் உண்டு. ஆனால் ஒன்றை யாரும் மறுப்பதில்லை: லெஸ்தார்தித்தின் பிழைப்பு இப்போது உயிரோடு நீந்தும் மீனை நம்பியிருக்கிறது. ஒரு களவாவைப் பிடித்து விற்றால் ஒரு முறை காசு. அதே மீன் கடலில் இருந்தால், படகுக்காரர், விடுதிக்காரர், முக்குளிப்புப் பயிற்சியாளர் என்று பலருக்குப் பல ஆண்டு வரும்படி. இந்த மாற்றத்துக்கு வழிவிட்டவர்கள் தங்கள் கடற்பரப்பை இழந்த மீனவர்கள். அவர்களுக்குரிய பங்கைத் தராமல் இன்னோர் இடத்தில் இப்படிக் காப்பகம் அமைத்தால் அது நீதியாகாது, நிலைக்கவும் செய்யாது.

இடித்து மீட்ட முனை

ஐபீரியத் தீபகற்பத்தின் கிழக்குக் கோடி கிரெயுஸ் முனை. த்ரமுந்தானா காற்றும் உப்பும் அரித்து அரித்து, பாறைகள் ஒட்டகம், கழுகு, சிங்கம் என்று விலங்கு வடிவம் கொண்டிருக்கும் இடம். ஓவியர் சால்வதோர் தாலி இதற்கு அருகே போர்ட்லிகாட் என்ற குடாவில் வாழ்ந்தவர். இந்தப் பாறை வடிவங்கள் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றிருக்கின்றன.

முனையின் தூதெலா சமவெளியில் 1960களின் தொடக்கத்தில் கிளப் மெதித்தெரானே என்ற பிரெஞ்சு நிறுவனம் ஒரு விடுமுறைக் கிராமம் கட்டியது. 400க்கும் மேற்பட்ட சிறு கட்டடங்கள். ஏறத்தாழ 900 பேர் தங்கலாம். ஆண்டில் கோடை மூன்று மாதங்களே திறந்திருக்கும். பாறை மடிப்புகளுக்குள் அடங்கி, வெள்ளைச் சுவர்களுடன் கட்டப்பட்ட அந்தக் குடில்களை நவீனக் கட்டடக்கலையின் நல்ல மாதிரி என்று கருதியவர்களும் உண்டு. 1998இல் கேட்டலோனிய நாடாளுமன்றம் முனை முழுவதையும், நிலமும் கடலுமாகச் சுமார் 13,900 ஹெக்டேரை, இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. விடுமுறைக் கிராமம் இப்போது காப்பகத்தின் நட்டநடுவில் இருந்தது. 2003இல் அது மூடப்பட்டது. 2005இல் ஸ்பெயினின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 200 ஹெக்டேர் சொத்தையும் விலைக்கு வாங்கியது.

பிறகு நடந்ததுதான் அபூர்வம். நிலத்தோற்ற வடிவமைப்பாளர்கள் மார்த்தி பிராங்க், தோன் ஆர்தேவோல் இருவரின் திட்டப்படி அத்தனை கட்டடங்களும் 2009, 2010 ஆண்டுகளில் அகற்றப்பட்டன. முதல் வேலை கட்டடத்தை இடிப்பதாக இல்லை. விடுதிக்கு அழகுக்காக நட்ட தென்னாப்பிரிக்கச் சதைப்பற்றுத் தரைப்படர் செடி, பாறை இடுக்கெல்லாம் படர்ந்து சொந்தச் செடிகளை மூடியிருந்தது. அதை விட்டுவைத்துக் கட்டடத்தை இடித்தால் காலியான இடமெல்லாம் அதற்கே போகும். 90 ஹெக்டேரில் அதைப் பிடுங்கினார்கள். துண்டு விழுந்தாலும் வேர்விடும் செடி அது. அதன் விதையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஒரு முறை பிடுங்கிவிட்டுப் போக முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்து தேடிப் பிடுங்க வேண்டும்.

கட்டடங்களை ஒன்றொன்றாகப் பிரித்து, கல், கான்கிரீட், இரும்பு, மரம் என்று வகைபிரித்தார்கள். 42,000 கன மீட்டர் இடிபாடு மறுபயன்பாட்டுக்குப் போனது. கட்டடம் நின்ற இடத்தில் மண்ணைக் கொட்டிச் செடி நட்டு 'இயற்கை' என்று காட்டவில்லை. மழைநீர் பழையபடி ஓடும்படி நிலத்தின் ஏற்ற இறக்கங்களைத் திருத்தினார்கள். நீர் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். விதை காற்றில் வரும். மீதியை நிலமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். சில சுவடுகளை மட்டும் வேண்டுமென்றே நிறுத்தினார்கள். இங்கே ஒரு ஊர் இருந்தது, அதை எடுத்துவிட முடிந்தது என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இதே பாடத்தை எளிய அளவில் சொல்கிறது லா ப்ளேதெரா. லெஸ்தார்தித்துக்குத் தெற்கே, கடற்கரைச் சதுப்பில் 1980களின் பிற்பகுதியில் ஒரு குடியிருப்புத் திட்டம் தொடங்கி அரைகுறையாக நின்றது. ஒரு பகுதி வீடுகள் மட்டும் எழுந்தன. கடலோர நடைபாதையும் தெருக்களும் வீடில்லாமல் பல ஆண்டுகள் கிடந்தன. 2014 முதல் 2018 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'லைஃப்' நிதியோடு நகராட்சியும் ஜிரோனா பல்கலைக்கழகமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து நடைபாதையைப் பெயர்த்தெடுத்தன. உப்பங்கழிக் குட்டைகளை மறுபடி தோண்டின. விரல் நீளமே உள்ள ஃபார்ட்டெட் என்ற அருகிய மீனுக்கு அந்தக் குட்டைகள் புகலிடம். சில ஆண்டுகளில், 2020 ஜனவரியில், குளோரியா புயல் இந்தக் கரையைத் தாக்கியது. கடல் உள்ளே ஏறிவர இடமுள்ள சதுப்பு, நீரை வாங்கிப் பரப்பி மெல்ல வடியவிடும். மதிலும் நடைபாதையும் நிற்கும் இடத்திலோ ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பழுதுபார்க்கும் செலவு ஊரார் தலையில் விழும்.

காகித வீடுகள்

மீட்ட இடங்களை எண்ணி மகிழும்போதே அவற்றின் செலவையும் எண்ண வேண்டும். தென்கரைச் சதுப்பைக் காக்கப் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டன. தூதெலாவுக்கோ நிலத்தை விலைக்கு வாங்கி, இடித்து, களையெடுத்து, பல ஆண்டு காவல் காக்க வேண்டியிருந்தது. தாமதத்தின் விலை இது. ஒவ்வொரு ஹெக்டேரையும் இப்படி மீட்க எந்த அரசின் கருவூலமும் தாங்காது.

ஆகவே சட்டத்தை மாற்றுவதே பெரிய போர்க்களம் ஆனது. 1988இன் கடற்கரைச் சட்டம், கரையும் மணலும் பொதுச்சொத்து என்று உறுதிசெய்து, அதிலிருந்து 100 மீட்டர் வரை குடியிருப்புக் கட்டுமானத்தைத் தடுத்தது. ஏற்கெனவே நகரமாகியிருந்த இடங்களில் அந்த எல்லை 20 மீட்டர்தான். மிகவும் கட்டப்பட்ட கரைக்கே மிகக் குறைந்த காப்பு. 1998இல் வந்த நிலச் சட்டம் எதிர்த்திசையில் போனது: காக்க வேண்டியது என்று காரணம் காட்டாத நிலமெல்லாம் நகராக்கத்தக்கதே என்றது. காரணம் காட்டும் பொறுப்பு இயற்கையின் பக்கம் விழுந்தது.

இதற்கு மக்கள் முன்பே ஒரு பதில் சொல்லியிருந்தார்கள். பாலமோஸ் ஊரின் காஸ்தெய் கடற்கரை, அந்தப் பகுதியில் கட்டடம் எழாமல் மிஞ்சியிருந்த மிகச் சில கடற்கரைகளுள் ஒன்று. அங்கே குடியிருப்பு வரவிருந்தபோது, 1994 ஜூனில் ஊர் வாக்கெடுப்பு நடந்தது. கடற்கரையைக் காக்க வேண்டும் என்ற பக்கமே வென்றது. வாக்கெடுப்புக்குச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலு பெரிதாக இல்லாவிட்டாலும், அதற்குப் பின் அந்தக் கரையில் கட்டுவதற்கு முகம் கொடுத்துப் பேச அரசியல்வாதிகளால் முடியவில்லை. காஸ்தெய் இன்றும் கட்டடமில்லாமல் இருக்கிறது.

2005இல் கேட்டலோனிய அரசு, இன்னும் கட்டப்படாத கடலோர நிலத்தில் 500 மீட்டர் அகலப் பட்டையைக் காக்கும் திட்டத்தை இரு கட்டமாக நிறைவேற்றியது. 2007இல் ஸ்பெயினின் நிலச் சட்டம் திருத்தப்பட்டபோது ஓசையில்லாமல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை, அரசு ஒரு நிலத்தின் கட்டும் உரிமையை ரத்து செய்தால், வருங்காலத்தில் அங்கே எழக்கூடிய வீடுகளின் மதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு கேட்க முடிந்தது. திருத்தத்துக்குப் பின், நிலம் இன்று எப்படி இருக்கிறதோ அதற்கே விலை. தோப்பாக இருந்தால் தோப்பின் விலை. காகிதத்தில் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பொதுப்பணம் தர வேண்டியதில்லை. காப்பகம் அமைப்பவர்களுக்கு இந்த ஒரு விதி பத்துப் பறவைக் கணக்கெடுப்புகளை விட மேலான ஆயுதம்.

அந்த ஆயுதம் பின்னர் பயன்பட்டது. கோஸ்தா பிராவாவின் 22 கடலோர நகராட்சிகளிலும் பல பத்தாண்டுகளுக்கு முன் நகராக்க அனுமதி பெற்று, கட்டப்படாமலே கிடந்த மனைப் பகுதிகள் ஏராளம். 2008இன் பொருளாதாரச் சரிவில் தூங்கிப்போன அந்தத் திட்டங்கள், சந்தை நிமிர்ந்ததும் விழித்துக்கொண்டன. 2018இல் உள்ளூர் அமைப்புகள் 'எஸ்ஓஎஸ் கோஸ்தா பிராவா' என்ற கூட்டமைப்பாகத் திரண்டன. 2021 ஜனவரியில் அரசு அந்தப் பழைய அனுமதிகளை ஒட்டுமொத்தமாக மறுபரிசீலனை செய்து, செங்குத்துச் சரிவிலும் பைன் காட்டிலும் கடலோரத்திலும் இருந்த பலவற்றை நீக்கியது, சிலவற்றைக் குறைத்தது. நில உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சண்டை முடிந்துவிடவில்லை. 2013இல் கடற்கரைச் சட்டமே தளர்த்தப்பட்டு, பொதுக்கரையில் உள்ள கட்டடங்களுக்கு 75 ஆண்டு வரை உரிமம் நீட்டிக்க வழி செய்யப்பட்டதையும் மறக்கக் கூடாது. சட்டத்தால் வந்த காப்பு சட்டத்தாலேயே போகவும் கூடும்.

வேலிக்கு வெளியே இருந்து வரும் ஆபத்து

எல்லையை வரைந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது சுற்றுலாக் கரைகளில் பெரிய ஏமாற்றம். முகாவை ஒட்டிய சதுப்புப் பூங்கா இரண்டு துண்டு. நடுவில் எம்புரியாபிராவாவும் அதன் விமானத் திடலும். முகா ஆற்றின் மேலே 1969இலிருந்து தார்னியூஸ்-போவதேயா அணை நிற்கிறது. நீரோடு மணலையும் அது பிடித்துவைக்கிறது. கடலுக்கு மணல் வராமல் கரை மெலிகிறது. உள்நாட்டில் பன்றிப் பண்ணைகளின் சாணக் கழிவு நிலத்தடி நீரில் நைட்ரேட்டை ஏற்றுகிறது. 2021இல் தொடங்கிய நெடு வறட்சியில், 2024 தொடக்கத்தில், அணையில் நீர் கொள்ளளவின் எட்டில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. குழாய்க்கும் வயலுக்கும் நீச்சல்குளத்துக்கும் சதுப்புக்கும் ஒரே தண்ணீர்தான். பங்கீட்டு மேசையில் உட்கார்ந்து பேச நாரைக்கு வாய் இல்லை.

கடலில் இன்னும் கடினம். லெஸ்தார்தித்தில் ஒரு தன்னார்வலர் 1970களிலிருந்து விடாமல் கடலின் வெப்பத்தை அளந்து வருகிறார். மேல்மட்ட நீர் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.3 டிகிரி செல்சியஸ் சூடேறுவதை அந்த அளவுகள் காட்டுகின்றன. 1999, 2003 கோடைகளின் வெப்ப அலைகளில் வடமேற்கு மத்தியத்தரைக் கடலின் விசிறிப் பவளங்கள் பெருமளவில் மடிந்தன. காப்பகத்தின் எல்லையில் வெப்பம் நின்று அனுமதி கேட்பதில்லை. அப்படியானால் காப்பகம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நோயாளிக்கு ஒரே நேரத்தில் மூன்று நோய் என்றால், தீர்க்க முடிந்த இரண்டைத் தீர்ப்பது மூன்றாவதைத் தாங்கும் வலுவைத் தரும். மீன்பிடியும் நங்கூரமும் இல்லாத கடலுக்கு வெப்பத்திலிருந்து மீண்டெழ வாய்ப்பு அதிகம்.

கூட்டத்தின் அழுத்தமும் உண்டு. கிரெயுஸ் முனைக்குப் போகும் ஒற்றைச் சாலையில் உச்சக் கோடையில் கார்களைக் கட்டுப்படுத்திப் பேருந்து விட வேண்டியதாயிற்று. உப்புக்கொத்தி வகைச் சிறு பறவை ஒன்று வெறும் மணலில் முட்டையிடும். மணலின் நிறமே முட்டையின் நிறம். வெயில் காயவும் நாயோடு உலாவவும் வருகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. அதனால் சதுப்புப் பூங்காவின் கடற்கரையில் ஒரு பகுதியை இனப்பெருக்கக் காலத்தில் மூடிவைக்கிறார்கள். சுற்றுலாவை நம்பும் ஊரில், நல்ல வெயில் நாளில், ஒரு கடற்கரையை மூட நிர்வாகத்துக்குத் துணிவு வேண்டும். ஊராரின் சம்மதமும் வேண்டும்.

யார் காரணம் காட்ட வேண்டும்?

இந்த அரை நூற்றாண்டு அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. சுற்றுலாக் கரையில் காப்பகம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் நகராட்சியின் திட்ட அலுவலகம். அங்கே தொங்கும் வரைபடத்தில் எந்தெந்தக் கட்டப்படாத நிலத்துக்கு எப்போதோ கட்டும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். விலை ஏறும் முன்பே அந்த உரிமையைத் திரும்பப் பெற வேண்டும். மிஞ்சியிருக்கும் துண்டு சிறியது என்று ஒதுக்க வேண்டாம். 100 ஹெக்டேருக்கும் குறைந்த கடல் என்ன செய்யும் என்று மெதஸ் காட்டிவிட்டது. சிறிய துண்டுகளை ஆறும் வயலும் வாய்க்காலும் இணைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஏற்கெனவே வாழ்கிற மீனவருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் காப்பகத்தின் வருமானத்திலும் நிர்வாகத்திலும் பங்கு வேண்டும். வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, அந்த வரம்பைக் காக்க ஆள், ஆளுக்குச் சம்பளம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே கணக்கில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: காரணம் காட்ட வேண்டியவர் யார்? ஒரு சதுப்பை, ஒரு குடாவை, ஒரு மணற்கரையை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று இயற்கையை நேசிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஆதாரம் சுமந்து வந்து மன்றாடுகிறார்கள். ஒரு முறை தோற்றால் நிலம் போய்விடும். வென்றாலும் அடுத்த ஆண்டு மறுபடி வர வேண்டும். பெரும்பகுதி ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்ட கரையில் இந்த ஏற்பாடு நியாயமே இல்லை. மிஞ்சியிருப்பது காக்கப்படும் என்பதே விதியாக வேண்டும்; அதில் கட்ட விரும்புபவரே பொதுமன்றத்தில் காரணம் காட்ட வேண்டும், பின்னாளில் இடிக்க நேர்ந்தால் ஆகும் செலவையும் சேர்த்து. தூதெலாவின் கணக்கு எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் பழைய முறையிலேயே அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கும் எந்தக் கரையும், தன் பிள்ளைகளின் பெயரில் கடன் எழுதிக்கொண்டிருக்கிறது.